எண்ணிக்கையும் மக்களும்: அசிமோவின் 'பவுண்டேசன்' வரிசை பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானப் புனைகதையை உழைக்கும் மக்களின் வாழ்வோடு தொடர்பற்ற பொழுதுபோக்காகக் கருதி ஒதுக்கும் போக்கு நம் விமர்சகர் சிலரிடம் இன்றும் உண்டு. நானும் அவ்வாறே கருதியிருந்தேன். ஐசக் அசிமோவின் 'பவுண்டேசன்' நாவல் வரிசையை நானுஓயாவை அண்டிய தோட்டமொன்றின் லயத்தில், பல்கலைக்கழக விடுமுறைகளில் வாசித்தபோதே அக்கருத்து ஆட்டங்கண்டது.

1942 முதல் சஞ்சிகைக் கதைகளாக வெளிவந்து, 1951க்கும் 1953க்குமிடையில் மூன்று நூல்களாக உருப்பெற்ற இவ்வரிசை, 1982 முதல் 1993 வரை மேலும் நான்கு நூல்களால் விரிவுற்றது. அண்டப் பேரரசொன்றின் வீழ்ச்சியைக் கணித அறிஞன் ஹரி செல்டன் முன்கூட்டியே கணிக்கிறான். முப்பதாயிரம் ஆண்டு இருளை ஓராயிரம் ஆண்டாகக் குறுக்கத் திட்டமிடுகிறான். முதல் நூலில் மதத்தின் ஆதிக்கம் தேய்ந்து வணிகரின் ஆதிக்கம் ஓங்குவதைக் காண்கிறோம். தனிமனித வீரத்தைவிடச் சமூக சக்திகளே அங்கு வரலாற்றை நகர்த்துகின்றன. மார்க்சியம் பயின்ற வாசகனை இது கவர்வதில் வியப்பில்லை.

ஆயின், செல்டனின் 'உளவரலாற்றியல்' இரு நிபந்தனைகளில் தங்கியுள்ளது: மக்கள் தொகை மிகப் பெரியதாயிருத்தல் வேண்டும், கணிப்பின் முடிவை அம்மக்கள் அறியாதிருத்தல் வேண்டும். வாயுவின் மூலக்கூறுகள் தம் இயக்கவிதியை அறியாதவாறே மனிதரும் தம் வரலாற்றை அறியாது இயங்கவேண்டும்.

இந்த இரண்டாம் நிபந்தனையை வாசித்த இரவில் எனக்கு அப்பாயியின் நினைவு வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களைக் கொழும்பும் டில்லியும் 1964இல் பங்கிட்டுக்கொண்டன: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், பிற்பாடு தீர்மானிப்பதற்கு 150,000 பேர். எஞ்சியோரும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அம்மக்களைக் கேட்டு இக்கணக்கு எழுதப்படவில்லை. அப்பாயியின் தம்பி நானுஓயா நிலையத்தில் கோச்சி ஏறித் தலைமன்னார் வழியே போனவர், திரும்பவில்லை. கணக்கில் அவர் ஒன்று. அப்பாயிக்கோ கூடப்பிறந்தவர் அவர் ஒருவரே.

இந்நோக்கில், வரிசையின் அடிப்படை முரண்பாடு தெளிவாகின்றது. மக்களே வரலாற்றின் சக்தி என ஏற்கும் அசிமோவ், அதனை அறியும் உரிமையை அவர்களுக்கு மறுக்கிறார். மறைந்திருந்து திட்டத்தைத் திருத்தும் 'இரண்டாம் பவுண்டேசன்' என்னும் சிறுகுழுவிடமே அறிவு ஒப்படைக்கப்படுகிறது. 1982ஆம் ஆண்டு நூலிலோ மானுடம் முழுவதன் எதிர்காலமும் ஒரு தனிமனிதனின் தெரிவுக்கு விடப்படுகிறது. சமூக விதிகளை மக்கள் அறிந்து செயற்படுவதிலேயே விடுதலை தொடங்குகிறது என்பது மார்க்சிய நிலைப்பாடு. அறியாமையை நிபந்தனையாக்கும் வரலாற்றியல் ஆள்வோரின் நிர்வாகக் கலையேயாகும்.

இவ்விமர்சனம் அசிமோவோடு நிற்கலாகாது. மக்களின் பெயரால் மக்களுக்குத் தெரியாமல் முடிவெடுத்த வரலாறு இடதுசாரி இயக்கங்களுக்கும் உண்டு. 'வெகுசனம்' என நாம் எழுதுந்தோறும், அதற்குள் கொழுந்துக் கூடையோடு நிற்பவளுக்கு நம் திட்டம் தெரியுமா என்பதைக் கேட்டாக வேண்டும். அக்கேள்வியை எழுப்பியமையே இவ்வரிசையால் நான் பெற்ற பயன்.