ஆர்ச்சுக்கு வெளியே

சாரல் தொடங்கியதும் குற்றாலத்தைப் பற்றிய பழைய புகாரும் தொடங்கிவிடுகிறது. அரசு எதைக் கட்டிக் கொடுத்தாலும் மக்கள் கெடுத்துவிடுகிறார்களாம். கைப்பிடிக் கம்பியில் கைலியைக் காயப்போடுகிறார்கள், படியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், நடக்கும் வழியிலேயே உடை மாற்றுகிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் பாய்ந்த திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனைப் பலி வாங்கியபின் இந்தக் குரல் இன்னும் உரத்துவிட்டது. கம்பியும் தடுப்பும் காவலரின் விசிலும் போதும், மற்றதெல்லாம் ஒழுக்கம் கெட்ட ஜனங்களின் கோளாறு என்கிறார்கள். இந்த வாதத்தில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை உடனே ஒப்புக்கொள்ளலாம். மலைமேல் கொட்டும் மழை கீழே கண்மூடி நிற்பவருக்குத் தெரியாது. நீர்வரத்து ஏறும்போது குளிக்கத் தடை விதிப்பது உயிர் காக்கும் செயல். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னதும் சரியே. அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகி ஊர்களுக்குப் போகிறது.

மெயினருவியின் பாதுகாப்பு வளைவை இன்னும் ஒரு படி மேலேயே பாராட்டலாம். குளிப்பவரைக் காக்கக் கட்டிய அதை மக்கள் அளவுகோலாக்கிக்கொண்டார்கள். "ஆர்ச்சைத் தாண்டி விழுதா?" என்று கேட்டால் போதும். தாண்டி விழுந்தால் இன்று குளியல் கிடையாது. நாளிதழ்ச் செய்தியும் அதே சொல்லில்தான் வருகிறது. யாரும் பலகை வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பயன் இருந்தால் மக்கள் ஒரு கட்டுமானத்தைத் தங்கள் பேச்சுக்குள்ளேயே குடியேற்றிவிடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தென்காசி மாவட்டத்தில் இல்லை.

அப்படிப்பட்ட மக்கள் கம்பியில் மட்டும் ஏன் கைலியைப் போடுகிறார்கள்? ஈரத்துணிக்கு வேறு இடம் இல்லை, அதனால்தான். குற்றாலத்தில் கட்டப்பட்டவை பெரும்பாலும் அருவிக்கு அடியில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களை நினைத்துக் கட்டப்பட்டவை. அதற்கு முன்னும் பின்னும் கழியும் மணிக்கணக்கான நேரத்தைத் திட்டம் போட்டவர்கள் எண்ணவே இல்லை. ஐந்தருவியில் வரிசை நீளும்போது ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் வெளியே நிற்கிறார். கையில் செல்போன்கள், காலடியில் செருப்புகள், தோளில் பை, இடுப்பில் பிள்ளை. பெரும்பாலும் அவர் ஒரு பாட்டி. அவர் படியில் உட்காராமல் எங்கே உட்காருவார்?

நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் பொதுச் சதுக்கங்களைப் படம்பிடித்துப் பார்த்து, 1980இல் ஒரு நூல் எழுதினார். உட்கார இடம் இருக்கும் சதுக்கத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவருடைய முக்கியமான முடிவு. சின்ன உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல அவர் ஆண்டுக்கணக்கில் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றாலத்துக்குத் திட்டம் போடுவோர் தண்ணீரைப் பார்க்கிறார்கள், கூட்டத்தைப் பார்க்கிறார்கள், நனைந்த ஓர் உடம்பைப் பார்ப்பதில்லை.

அந்த உடம்பு ஒரு பெண்ணுடையதாக இருந்தால் நிலைமை இன்னும் கொடுமை. குளிக்கப் பெண்களுக்குத் தனி இடம் உண்டு, கம்பியும் உண்டு. குளித்து வெளியே வந்ததும் அந்த அக்கறை அறுந்துபோகிறது. உடை மாற்றும் அறைகள் இல்லாமலில்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமையின் கூட்டத்துக்கு அவை எந்த மூலைக்கு? ஈர நைட்டி உடம்போடு ஒட்ட, சாரல் காற்றில் பல் கிட்டிக்க, அவள் எத்தனை நேரம்தான் அறை வாசலில் நிற்பாள்? எனவே நாலு பேர் சேலையையும் துண்டையும் விரித்துப் பிடிக்கிறார்கள். நடுவில் ஒருத்தி உடை மாற்றுகிறாள். பிறகு முறை மாறுகிறது. அம்மாவுக்கு மகள் பிடிக்கிறாள், மதினிக்கு நாத்தனார் பிடிக்கிறாள், முன்பின் தெரியாத ஒருத்தி வந்து காற்றில் பறக்கும் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். இதை ஒழுங்கீனம் என்பவர் ஒருமுறையாவது அந்த ஈரத்தில் நின்றவராக இருக்க முடியாது. அரசு கட்டத் தவறிய அறையைப் பெண்கள் தங்கள் கைகளால் கட்டி நிறுத்துகிறார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கப் பெருந்தொகை தேவையில்லை. தடுப்புக் கம்பிக்கு வெளியே ஒரு கொடிக்கம்பி, கூரை போட்ட நீளத் திண்ணை, பெண்கள் வெளியேறும் வழியிலேயே போதிய அறைகள், காய்ந்த உடுப்பை நனையாமல் வைக்க உள்ளே ஒரு மேடை, இவ்வளவுதான். அடுத்த திட்ட மதிப்பீட்டில் கையெழுத்திடும் முன் அரசு ஒரு பெண் பொறியாளரை ஜூலை மாத ஞாயிறு காலையில் மெயினருவியின் பெண்கள் பக்கத்துக்கு அனுப்பட்டும். விரித்துப் பிடித்த சேலைகள் எத்தனை என்று அவர் எண்ணிவந்து, அறைகளின் எண்ணிக்கையைக் குறிக்கட்டும்.