லாரிக்கு ஒரு கணக்கு, லேபுக்கு ஒரு கணக்கா?

நாமக்கல்லில் லாரி வாங்குகிறவர் சேசிஸ் விலையோடு நிற்பதில்லை. பாடி கட்டும் கூலி, டயர், டிரைவர் பேட்டா, இன்சூரன்ஸ், எஃப்.சி. என எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் வண்டியை ரோட்டில் விடுவார். அதே ஊர் அரசுப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வரும்போது இந்தக் கணக்கைப் போட ஆளில்லை.

தமிழ்நாட்டு வழி, சென்னையிலிருந்து ஒரே உத்தரவில் எல்லாருக்கும் கொடுப்பது. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு டேப் என்று திட்டங்கள் வந்தன. இதை லேசாகப் பேசிவிட முடியாது. கேட்கிற பள்ளிக்கு மட்டும் என்றிருந்தால், மனு எழுதவும் எம்.எல்.ஏ.வைப் பிடிக்கவும் தெரிந்த தலைமையாசிரியர்தான் முந்தியிருப்பார். கொல்லிமலைப் பள்ளி கடைசியில் நின்றிருக்கும். தனியார் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன இந்தச் சமவெளியில், அரசுப் பள்ளிச் சுவரில் ஒரு ஸ்மார்ட் போர்டு இருப்பதே சேர்க்கைக்கு விளம்பரம்தான்.

கோளாறு பெட்டியைப் பிரித்த மறுநாள் தொடங்குகிறது. எந்தப் பாடவேளையில், எந்தப் பாடத்துக்கு, யார் நடத்துவது? யுபிஎஸ் பேட்டரி இறங்கினால் எந்தப் பணத்தில் மாற்றுவது? போதாக்குறைக்கு, பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் இணையத் தளமான எமிஸ். வருகைப் பதிவு முதல் நலத்திட்டம்வரை எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னதில், ஆசிரியருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே எமிஸ் வேலை என்றாகிவிட்டது. சங்கங்கள் முறையிட்ட பிறகு அந்தச் சுமையை ஹைடெக் லேப் பயிற்றுநர் தலைக்கு மாற்றினார்கள். அப்படியானால் லேபை யார் பார்ப்பது?

இப்படிப்பட்ட கேள்விகளைப் பள்ளியே கேட்டுக்கொள்ள வைத்த நாடும் உண்டு. பிரிட்டனில் 1998இல் தொடங்கிய பெக்டா என்ற அரசு அமைப்பு, பள்ளிகள் தம் தொழில்நுட்ப நிலையைத் தாமே எடைபோட ஒரு சட்டகம் தந்தது. செலவைக் குறைப்பதாகச் சொல்லி 2011இல் அந்த அமைப்பை மூடினார்கள். இங்கே மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அவர்களிடம் திட்டமிடச் சொல்லித்தர ஆள் இருந்தது, நம்மிடம் பொருள் இருக்கிறது.

நமக்கும் வழி இல்லாமலில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் தருகிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். லாரி ஓட்டுகிறவரும் பட்டறை வைத்திருப்பவரும் அதில் இருப்பார்கள். பராமரிப்புக் கணக்கு அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, கையெழுத்துப் போடும் முன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.