எக்ஸ்கோட் ஸ்டோரிபோர்டு: தலைப்பை எங்கே எழுதுவது?

ஐபோனில் பெரும்பாலான ஆப்களில் திரையின் மேலே ஒரு பட்டை இருக்கும். அதன் நடுவில் அந்தத் திரையின் பெயர். இதற்கு நேவிகேஷன் பார் என்று பெயர். அதில் ஒரு சொல்லை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதை வைத்தே ஒரு வடிவமைப்புக் கருவியை எடைபோட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஆப்பிளின் எக்ஸ்கோடில் 2011 முதல் இருக்கும், ஆப்பின் திரைகளை வரைந்து இணைக்கும் ஸ்டோரிபோர்டை, கடைக் கணக்கு ஆப் ஒன்றுக்காகத் தமிழ்த் தலைப்புகளோடு ஓட்டிப் பார்த்தேன்.

முதல் திரை சுகமாகப் போனது. எடிட்டர் மெனுவில் எம்பெட் இன் போய் நேவிகேஷன் கன்ட்ரோலரைத் தேர்ந்ததும் வெறும் பட்டை வந்து நின்றது. அதன் நடுவில் இரட்டைக் கிளிக் செய்து, மேக்கிலேயே உள்ள தமிழ்99 விசைப்பலகையில் ‘சரக்கு இருப்பு’ என்று தட்டி எண்டர் அடித்தால் வேலை முடிந்தது. இடப்பக்கப் பட்டியலிலும் அந்தத் திரையின் பெயர் அப்படியே மாறிவிடுகிறது. திரைகள் பெருகி, எது எங்கே என்று தேடும்போதுதான் இதன் அருமை தெரியும்.

இரண்டாவது திரையில்தான் சிக்கல். முதல் திரையிலிருந்து அதற்குப் போகும் இணைப்பாக ஷோ செக்வே போட்டதும் அங்கேயும் பட்டை தெரிகிறது. ஆனால் எத்தனை முறை கிளிக் செய்தாலும் எழுத விடாது. காரணம், முந்தைய திரையை வைத்துக் கருவி ஊகித்து வரைந்து காட்டும் பட்டை அது. தலைப்பைத் தாங்கும் நேவிகேஷன் ஐட்டம் அந்தத் திரையில் இன்னும் சேரவில்லை. லைப்ரரியிலிருந்து அதை இழுத்துத் திரைமேல் போட்ட பிறகே எழுத முடிகிறது. புதிதாகக் கற்பவர் இங்கே அரை நாளைத் தொலைக்க வாய்ப்புண்டு. பட்டையை வரைந்து காட்டத் தெரிந்த கருவி, ‘ஐட்டத்தைச் சேர்க்கவா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குழப்பம் இன்னொன்றும் உண்டு. வியூ கன்ட்ரோலரைத் தேர்ந்தால் வலப்பக்க அட்ரிபியூட்ஸ் பலகத்தில் டைட்டில் என்று ஒரு கட்டம்; நேவிகேஷன் ஐட்டத்தைத் தேர்ந்தால் அதே பெயரில் வேறொரு கட்டம். முதலாவதில் எழுதினால், டேப் பார் உள்ள ஆப்பில் கீழே இருக்கும் டேப்பின் பெயரும் சேர்ந்து மாறக்கூடும். இரண்டாவது மேல் பட்டையோடு நிற்கும். இது போதாதென்று, திரை ஏற்றப்பட்டதும் ஓடும் வியூ டிட் லோட் நிரலில் யாராவது தலைப்பை எழுதி வைத்திருந்தால், ஸ்டோரிபோர்டில் நாம் பார்த்தது ஒன்று, போனில் வருவது இன்னொன்று.

பேக் பட்டனில் வரும் எழுத்தை மாற்றுவதற்கும் வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியது முந்தைய திரையின் நேவிகேஷன் ஐட்டத்தில்.

தமிழுக்கு வருவோம். ‘விற்பனை வரவு செலவு விவரம்’ என்று எழுதி வலப்பக்கம் ஒரு பட்டனையும் வைத்தால், சிறிய ஐபோனில் தலைப்பின் வால் மூன்று புள்ளிகளாகிவிடுகிறது. 2017இல் ஐஓஎஸ் 11உடன் வந்த பெரிய தலைப்பைப் போட்டால் தனி வரி கிடைக்கிறது. திரையை மேலே தள்ளியதும் அது மறுபடி சிறிய பட்டைக்குள் சுருங்கும். நீளமானால் அங்கே வெட்டுப்படும். ஆகவே இரண்டு சொல்லுக்குள் முடிப்பதே நல்லது.

புதிதாக ஆப் தொடங்குகிறவருக்கு, திரைகளை நிரலாகவே எழுதும், 2019இல் வந்த ஸ்விஃப்ட்யூஐயில் ஒரே வரியில் தலைப்பு எழுதும் வழியையே சொல்வேன். ஏற்கெனவே ஸ்டோரிபோர்டில் ஓடும் ஆப்பை இதற்காக மாற்றத் தேவையில்லை. தலைப்பை நேவிகேஷன் ஐட்டத்தில் மட்டும் எழுதுங்கள். வெளியிடும் முன், கிடைக்கிற மிகச் சிறிய ஐபோனில் ஒவ்வொரு திரையையும் திறந்து பாருங்கள்.