தோம்பில் எத்தனை நிமிடம்?

மருந்துக்கடையில் தொங்கும் சிவப்பு முதலுதவிப் பையைத் திறந்தால் பேராக் தமிழருக்கு எல்லாமே தெரிந்த சாமான்: பஞ்சு, காஸ், பிளாஸ்டர், மஞ்சள் மருந்து, ஒரு கத்தரிக்கோல். தோட்டத்து டிரெஸ்ஸரின் மேசையில் இருந்ததும் ஏறக்குறைய இதுதான். பால்மரம் வெட்டும் கத்தி விரலைக் கிழித்தால் ரத்தத்தை நிறுத்து, கழுவு, கட்டு என்ற வேலைக்கு அது போதும். கண்ணில் படும் காயத்துக்கென்று பிறந்த பை அது, தரையில் இன்றும் நன்றாகவே உழைக்கிறது. அதையே தூக்கிக்கொண்டு லுமுட்டில் படகேறி, செம்பிலான் தீவுகளுக்கோ ஜாராக் தீவுக்கோ ஸ்கூபா முக்குளிக்கப் போவதுதான் தவறு. ஆழத்தில் அழுத்தத்தால் ரத்தத்திலும் தசையிலும் கரையும் நைட்ரஜன், ஆள் மேலே வரும்போது குமிழிகளாக வெளிப்பட்டால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. மூட்டு வலிக்கும், கை மரத்துப்போகும், காரணமில்லாத களைப்பு வரும். பிளாஸ்டர் ஒட்ட அங்கே இடமே இல்லை. அந்த நேரத்தில் படகிலேயே கொடுக்கக்கூடிய முதல் மருந்து ஆக்சிஜன், அதுவும் முடிந்தவரை நூறு சதவீதமாக.

ஆகவே முக்குளிப்புக்கான முதலுதவிப் பெட்டி என்றால் முதலில் எடைபோட வேண்டியது ஆக்சிஜன் செட்டைத்தான். முக்குளிப்போர் பாதுகாப்புக்காக 1980இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டான் அமைப்பின் செட் இதில் நல்ல முன்மாதிரி. நீர்புகாப் பெட்டி, தோம்பு, ரெகுலேட்டர், இருவகை முகமூடி எல்லாம் அதில் ஒன்றாக அடங்கியிருக்கும். அதன் உண்மையான சிறப்பு டிமாண்ட் வால்வு. ஆள் மூச்சை இழுக்கும்போது மட்டும் அது ஆக்சிஜனை விடும், மீதி நேரம் மூடியிருக்கும். முகமூடி முகத்தில் நன்றாகப் படிந்தால் ஏறக்குறைய கலப்பில்லாத ஆக்சிஜன் உள்ளே போகும், காற்றில் வீணாவது மிகக் குறைவு. சுயநினைவோடு மூச்சுவிடும் ஆளுக்கு இது சிக்கனமான வழி.

குறை தோம்பின் அளவில் இருக்கிறது, அது சின்னக் குறையும் அல்ல. தூக்கிச் செல்ல வசதியாகப் பலரும் வாங்கும் 'டி' அளவுத் தோம்பில் இருப்பது சுமார் 425 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் சாதாரண முகமூடியில் விட்டால் 28 நிமிடத்தில் தீர்ந்துவிடும். டிமாண்ட் வால்வில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் செலவானாலும் 42 நிமிடம்தான். ஜாராக் தீவிலிருந்து கரை சேர வேகப் படகுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடல் கொந்தளித்தால் இன்னும் கூடும். முகமூடி முகத்தில் இருக்க, கடல் நடுவில் ஆக்சிஜன் நின்றுபோவதைத் தயார்நிலை என்று சொல்ல முடியாது. பெட்டியை லிட்டரிலும் கிலோவிலும் விளம்பரப்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது நிமிடம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. குமிழி நோய் அபூர்வம், பவளப் பாறைக் கீறல்தான் தினமும் நடப்பது என்பார்கள். பத்தாயிரம் முக்குளிப்பில் ஒரு சில பேருக்குத்தான் வரும் என்பது உண்மையே. ஆனால் பவளக் கீறல் கரை சேரும்வரை காத்திருக்கும், முதுகுத்தண்டைத் தாக்கிய குமிழி காத்திருக்காது. படகுக்காரரிடம் ஆக்சிஜன் இருக்குமே என்பது அடுத்த வாதம். இருக்கலாம். தோம்பு நிரம்பியிருக்கிறதா, வால்வைத் திருப்பும் சாவி கயிற்றில் கட்டியிருக்கிறதா, ரெகுலேட்டர் பொருந்தும் இடத்தில் சின்ன வாஷர் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? நகக்கண் அளவுள்ள அந்த வாஷர் விழுந்துபோனால் முழுத் தோம்பும் சீறிக் காலியாகும். ஆக்சிஜன் ஆபத்தானது, பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாது என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அது தீயை மூர்க்கமாக்கும் என்பதால் எண்ணெய், கிரீஸ், சிகரெட் எதுவும் அருகில் வரக்கூடாது. இதையும் முகமூடி பிடிக்கும் முறையையும் சொல்லிக்கொடுக்க ஒரு நாளுக்குள் முடியும் வகுப்புகள் இருக்கின்றன. பயிற்சி வேண்டும் என்பது பயிற்சி எடுப்பதற்கான காரணம், பெட்டியை வீட்டில் விட்டுப்போவதற்கான காரணம் ஆகாது.

மீதிச் சாமான்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெட்டி ஜெல்லி மீன் பட்டால் ஊற்ற ஒரு போத்தல் சமையல் வினிகர் வேண்டும். அது வெடிக்காமல் மிச்சமிருக்கும் நச்சுக் கொடுக்குகளை முடக்கும். கல்மீன், திருக்கை முள்ளுக்குப் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீர் வலியைத் தணிக்கும், அதற்கு ஒரு சுடுநீர்ப் பிளாஸ்க் போதும். கத்தரிக்கோல் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். கடைப் பையில் வருபவற்றில் சில உப்புக்காற்றிலேயே இறுகிவிடும்.

மூடியின் உள்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும்: எத்தனை மணிக்கு மேலே வந்தார், ஆக்சிஜன் எப்போது தொடங்கியது, 999. ஆக்சிஜன் முதலுதவி மட்டுமே: லுமுட் ராணுவ மருத்துவமனையின் அழுத்த அறையில் நோயாளியை 18 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் வைத்துத் தொடங்கும் வழக்கமான சிகிச்சையே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆக்சிஜனில் வலி குறைந்ததும் 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குத் திரும்புவோருக்கு அந்தத் தாள்தான் பதில். பல முறை முக்குளித்தவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்கிறது டான். சிம்பாங் பூலாய் வழியாக 1,400 மீட்டருக்கு மேலுள்ள கேமரன் மலைக்கு அன்றைக்கே ஏறுவோருக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

படகின் கயிற்றை அவிழ்க்கும் முன் ஒருவர் அழுத்தமானியைப் பார்த்து நிமிடத்தைக் கணக்கிட்டு உரக்கச் சொல்லட்டும். கரை சேரும் நேரத்தைவிட அது குறைவாக இருந்தால் இன்னொரு தோம்பு ஏற வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு அருகிலிருக்கும் தீவோடு திரும்ப வேண்டும்.