ஓகே என்று காத்திருக்கும் பெட்டி

தன்னைப் பற்றிச் சொல்ல, சன் நிறுவனத்தின் பழைய ஸ்பார்க் ஒர்க்ஸ்டேஷனுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்கூடத் தேவையில்லை. விசைப்பலகையின் இடது ஓரத்திலுள்ள 'ஸ்டாப்' விசையோடு 'ஏ'யையும் சேர்த்து அழுத்தினால், பெட்டிக்குள்ளேயே பதிந்த ஃபர்ம்வேரான ஓப்பன்பூட் தலைகாட்டும். திரையில் 'ஓகே' என்ற ஒற்றைச் சொல் காத்து நிற்கும். அங்கே 'பேனர்' என்று தட்டினால் மாடல் பெயர், ராம் அளவு, ஈதர்நெட் முகவரி, ஹோஸ்ட் ஐடி எல்லாம் நாலைந்து வரிகளில் வந்துவிடும். எத்தனை அடக்கமான அறிமுகம்! ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் இதற்கிடையே உறைந்து நிற்கும். 'கோ' என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அந்நாளைய சன் பெட்டிகளின் ஈதர்நெட் முகவரி 8:0:20 என்று தொடங்கும். அதற்குப் பதில் வரிசையாக 'எஃப்எஃப்' என்று வந்தால், இந்த விவரங்களைச் சேமித்துவைக்கும் என்விராம் சிப்புக்குள்ளேயே புதைத்துவைத்த பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். கழற்றி மாற்ற முடியாத இடத்தில் பேட்டரியை வைத்த யோசனை மட்டும் ரசிக்கத்தக்கதல்ல.

சன்னின் ஆபரேட்டிங் சிஸ்டமான சோலாரிஸ் ஏறிய பிறகு, 'யூநேம்' கட்டளையை 'மைனஸ் ஏ'யோடு கொடுத்தால் 'சன்ஓஎஸ் 5.8' என்று பதில் வரலாம். பெயர் குழப்பினாலும் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணே துப்பு: அது 2000இல் வந்த சோலாரிஸ் 8. பிராசஸரின் வேகத்துக்கு 'பிஎஸ்ஆர்இன்ஃபோ மைனஸ் வி'. மற்றச் சாதனங்களுக்கு 'பிஆர்டிகான்ஃப்'.