நோட்டைத் திருப்பிப் படிப்பவரே ஸ்டெனோ

சுருக்கெழுத்து முறைகளில் எது உயர்ந்தது என்ற வழக்கு நூறாண்டைத் தாண்டியும் தீரவில்லை. 1837இல் ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் வெளியிட்ட முறை, எழுத்துக்கூட்டலை விட்டு ஒலியைப் பிடித்தது. ஒரு சாய்கோட்டை மெல்ல இழுத்தால் ‘பென்’னின் முதலொலி, அதையே அழுத்தி இழுத்தால் ‘பஸ்’ஸின் முதலொலி. உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறுகோடும் உண்டு. ஆனால் வேகம் கூடியதும் அவற்றைப் போட யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அப்போது சொல்லின் கோட்டுருவமான அவுட்லைன் நிற்கும் இடமே உயிரொலியைக் காட்டும்: நோட்டின் கோட்டுக்கு மேலே நின்றால் ‘பேக்’, கோட்டை வெட்டி நின்றால் ‘பிக்’. 1888இல் வந்த ஜான் ராபர்ட் கிரெக், அழுத்தத்தையே ஒழித்து, உயிரொலிகளை வட்டங்களாகவும் கொக்கிகளாகவும் ஓட்டத்துக்குள்ளேயே சேர்த்தார். 1968இல் ஜேம்ஸ் ஹில் அமைத்த டீலைன், ஆங்கில எழுத்துகளையே சுருக்கி, பிரிட்டிஷ் நிருபர்களிடம் வேரூன்றியது. பிட்மன் கட்சியினர் 1922இல் நேத்தன் பெஹ்ரின் நிமிடத்துக்கு 350 சொல் எடுத்ததைக் காட்டுவார்கள். கிரெக் கட்சியினர் அந்தப் பத்தாண்டிலேயே மார்ட்டின் டுப்ரா வென்ற பட்டங்களைக் காட்டுவார்கள். இரு பக்கமும் சாதனையாளர்கள் இருக்கும்போது வேகத்தை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வது?

என் கணிப்பில், எழுதியதைத் திருப்பிப் படிக்க முடிகிறதா என்பதுதான் உரைகல். தேர்வுகளே இதை ஒப்புக்கொள்கின்றன. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் ‘சி’ கிரேடு ஸ்டெனோ தேர்வில் நிமிடத்துக்கு 100 சொல் வீதம் பத்து நிமிட டிக்டேஷன். அதை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுத நாற்பது நிமிடம். எடுப்பதைப்போல் நான்கு மடங்கு நேரம்! சட்டமும் அப்படியே. தீர்ப்பை மன்றத்தில் முழுதாகச் சொல்லி வழங்கினால், அதைச் சுருக்கெழுத்தில் எடுக்கச் செய்து, பெயர்த்தெழுதிய பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் நீதிபதி கையொப்பமிட வேண்டும் என்றது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 353ஆம் பிரிவு. கையொப்பம் விழுவது பிரதியில்தான். உயிரொலிக் குறி விட்டுப்போனாலும் அனுபவசாலிக்குச் சந்தர்ப்பமே சொல்லைக் காட்டிக்கொடுக்குமே என்று கேட்கலாம். பழக்கப்பட்ட வாக்கியத்தில் காட்டும். சாட்சியின் ஊர்ப்பெயரிலும் சர்வே எண்ணிலும் காட்டாது. தவறினால் ஒருவருடைய நிலம் கைமாறும் இடங்கள் அவை.

டேப் ரெக்கார்டர் வந்தபிறகு இந்த வாதமே எதற்கு என்பார்கள். சொன்னதைச் சொன்னபடி காக்க வேண்டிய இடத்தில் ஒலிப்பதிவே மேல். அதை மறுப்பது வீம்பு. ஆனால் டிக்டேஷன் நேர்கோட்டில் போவதில்லை. “முந்தின பாராவில் இதைச் சேருங்கள்”, “அந்த வரியை எடுத்துவிடுங்கள்”, “இல்லை, இருக்கட்டும்” என்று அதிகாரி முன்னும் பின்னும் போவார். ஒலிப்பதிவு அத்தனையையும் வரிசையாக வைத்துக்கொள்ளும். ஸ்டெனோ ஓரத்தில் குறியிட்டு அப்போதே ஒழுங்கு செய்துவிடுகிறார், “கடைசி வரி என்ன?” என்றால் அந்த நொடியே படித்தும் காட்டுகிறார்.

ஆகவே நம் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நாள் புது டிக்டேஷனை நிறுத்திவிட்டு, மாணவர்களின் ஒரு மாதப் பழைய நோட்டை எடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.