கருவியை மறந்த ஆராய்ச்சி

எவ்வினைக்கு எவரைத் தேர்வது என்று ஆராயும் அதிகாரமொன்று திருக்குறளில் உண்டு. 'தெரிந்து வினையாடல்' என்பது அதன் பெயர். அதிலுள்ள 517ஆம் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், வினை, அதை முடிக்கும் கருவி, முடிக்கும் ஆள் என மூன்றாகக் கூறுபடுத்திக் காட்டுகிறார். மூன்றும் தம்முள் பொருந்துமா என்று நோக்கிய பின்னரே வினையை ஒருவனிடம் விடல் வேண்டும் என்பது கருத்து. அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. இன்று வேலைக்கு ஆள் எடுப்போர் வினையை ஆராய்கின்றனர், ஆளையும் துருவித் துருவி ஆராய்கின்றனர். இடையிலுள்ள கருவியை மட்டும் மறந்துவிடுகின்றனர். உடற்குறையுடையோர் பலர் பணியிடத்தின் வாயிலோடு நின்றுவிடுவதற்கு இம்மறதி பெரிய காரணமாகும்.

கருவி என்பது மேசைமேல் இருப்பது மட்டுமன்று. சிங்கப்பூரின் வடக்கிலுள்ள ஈசூன் இதற்கு நல்ல சான்று. (ரப்பரிலும் அன்னாசியிலும் பொருளீட்டிய லிம் நீ சூனின் பெயரே மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் ஆயிற்று.) 1988இல் அங்குத் தொடர்வண்டி வந்தது, நிலையமோ தரைக்கு மேலே தூண்களின்மீது அமைந்தது. அக்காலத்து நிலையங்கள் சக்கர நாற்காலியில் வருவோரை உளங்கொண்டு கட்டப்பட்டவை அல்ல. வீவக அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி சில தளங்களில் மட்டுமே நின்றது. எல்லாத் தளங்களிலும் நிற்கச் செய்யும் திட்டம் 2001இல்தான் தொடங்கியது. சக்கர நாற்காலி ஏறத்தக்க பேருந்துகள் 2006 முதல் ஓடலாயின. மின்தூக்கி நில்லாத தளத்தில் குடியிருந்த, நடக்கவியலாத கணக்கர் ஒருவரை 1990இல் வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். கணக்கில் அவர் எத்துணை வல்லவராயினும், எவரேனும் தூக்கிக் கொண்டுவந்து இறக்கிவிட, ஊதியத்தை வாடகை வண்டிக்கு இறைத்தாலன்றி அலுவலகம் சேர்தல் அரிது. பின்னாளில் அவருக்கு வழி திறந்ததென்றால், மாறியது அவர் கால் அன்று, மின்தூக்கி.

குறை உடலில் மட்டும் இல்லை, ஊரின் அமைப்பிலும் உள்ளது என்று முழங்கிய அனைத்துலக இயக்கமொன்று, 1981இல் இதே சிங்கப்பூரில் நிறுவப்பட்டது என்பது நினைக்கத்தக்கது. பார்வையிழந்த சிங்கப்பூரரான ரான் சந்திரன் டட்லி அதன் முதல் தலைவர். பிறர் தமக்காகப் பேசியது போதும், இனித் தாமே பேசுவோம் என்று உடற்குறையுடையோர் கூடி அமைத்த அவை அது.

அவர்கள் பேச்சுக்குச் சட்டம் எவ்வளவு செவி சாய்த்துள்ளது? உடற்குறையுடையோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013இல் ஏற்றது. ஒருவருக்குத் தேவையான, நியாயமான மாற்றத்தைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடே என்பது அவ்வுடன்படிக்கையின் துணிபு. 2025 சனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், உடற்குறை காரணமாக ஒருவரைப் புறக்கணித்தல் ஆகாது என்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் மாற்றத்தைச் செய்துகொடு என்று அது முதலாளிக்குக் கட்டளையிடவில்லை. அதனை அறிவுரையின் பாற்பட்டதாக விட்டுவிட்டது. பார்வையற்றவரைத் தள்ளாதே என்று கூறி, திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைத் தருவது உன் விருப்பம் என்றால், முன்னது பின்னதால் வறிதாகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடத்தில் தெளிவுடையது. அம்மறுப்பைப் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. அங்கே ஏட்டிலுள்ளது எல்லாம் நாட்டில் நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

உழைக்கும் வயதிலுள்ள உடற்குறையுடையோரில் நூற்றுக்கு நாற்பதின்மர் 2030க்குள் வேலையில் இருத்தல் வேண்டும் என்பது சிங்கப்பூரின் குறிக்கோள். செலவு மிகும் என்ற மறுப்பு இங்கு அவ்வளவாகச் செல்லாது. இவர்களை அமர்த்துவோருக்கு ஊதியத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்கிறது. கருவிகளுக்கும் பணியிட மாற்றங்களுக்கும் தனியே உதவித்தொகை உண்டு. பல மாற்றங்களுக்குச் செலவே இல்லை. காது கேளாதவருக்கு வாய்மொழிக் கட்டளையை எழுதிக் காட்டலாம். கற்றலில் மெதுவானவருக்கு ஒரு வேலையின் படிகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டலாம். வலுக்கட்டாயம் நல்லெண்ணத்தைக் கெடுக்கும் என்பாரும் உளர். நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் ஈசூன் நிலையத்திற்கு மின்தூக்கி வந்திருக்குமா என்று அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இருபத்தைந்துக்குக் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களுக்குப் புதிய சட்டத்திலிருந்து இப்போதைக்கு விலக்கும் உண்டு. லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகள், துணிக்கடைகள், உணவகங்கள் ஆகியவற்றில் மிகப் பல இவ்வளவிற்குள் அடங்குவனவே. தமிழருக்குத் தமிழர் வேலை கொடுக்கும் இடங்கள் அவை. அங்கே ஐந்தடி நடைபாதையிலிருந்து கடைக்குள் ஏற ஒரு படி இருக்கும், சிலவிடத்து இரண்டு. அதன்மேல் ஒரு சாய்வுப் பலகை வைக்கும் செலவு, தீபாவளிக்குக் கடை முகப்பில் தொங்கவிடும் விளக்குகளின் செலவை விட மிகுதியாக இராது.